ஒரு கார்டு, இரண்டு கோளாறு

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் வசிக்கிறேன். 2023-இல் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதமாக, கேம் ஆரம்பித்து இருபது முப்பது நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைகின்றன. ஒலி மட்டும் சில நொடிகள் வருகிறது. சில நாட்களில், பெரும்பாலும் மாலை வேளையில், பிளக்கைப் பிடுங்கியது போல மொத்தக் கணினியும் அணைகிறது. வெப்பம் 84 டிகிரி காட்டுகிறது. கேமின் முகப்புத் திரையிலேயே 80-ஐத் தொடுவதுதான் புரியவில்லை. விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், டிரைவரை மாற்றினேன், பயனில்லை. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்குகிறது. ஃபேனைக் காணவில்லை என்று அம்மா தினமும் சத்தம் போடுகிறார். சிப் போய்விட்டது, அதைக் கழற்றி மறுபடி ஒட்டும் ரீபாலிங் வேலைக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 650 வாட், ஐந்து வருடப் பழையது. பிராசசர் ரைசன் 5 5600எக்ஸ். வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் தையல் யூனிட் இருக்கிறது. யுபிஎஸ் 600 விஏ. அதுவும் ஒன்றிரண்டு முறை கத்தியது. ரீபாலிங்குக்குக் கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, கொடுக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் பதற்றமில்லாமல் படிப்பீர்கள்.

ஒரு கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் இரண்டு தெரிகின்றன. திரை கறுத்து விசிறிகள் அலறும்போது கணினி உயிரோடுதான் இருக்கிறது. ஒலி தொடர்வதே அதற்குச் சாட்சி. கார்டு மட்டும் கழன்றுகொள்கிறது. மொத்தமும் பொட்டென்று அணையும் நாளில் கார்டைக் குற்றம் சொல்லவே இடமில்லை, அதற்கு வந்துகொண்டிருந்த கரண்டே நின்றுபோகிறது. இரண்டுக்கும் 'சூடாகி நின்றுவிடுகிறது' என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால், ஒன்றுக்கு மருந்து போட்டாலும் மற்றது வந்து நின்று 'இதுவும் வீண்' என்று உங்களை நம்பவைக்கும். ஆறு மாதம் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

84 டிகிரியைக் கண்டு பயப்படாதீர்கள். இந்த கார்டின் சிப்புக்கு, அதை வடிவமைத்த என்விடியா நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. அதற்கு வெகு முன்பே, சாதாரணமாக 83-ஐ ஒட்டியே, கார்டு தன் வேகத்தைத் தானே குறைக்க ஆரம்பித்துவிடும். பாரம் ஏற்றிய மாடு மேட்டில் நடையைத் தளர்த்துவது போலத்தான். வேகம் குறையும், படம் சற்றுத் திக்கும். ஆனால் அந்தச் சூட்டுக்காகக் கார்டு உயிரை விடாது. ஆகவே 84-இல் அது சாகிறது என்றால், காரணம் நீங்கள் பார்க்கும் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறது.

வெளியே என்றால் எங்கே? உங்கள் கார்டில் வெப்பத்தை அளக்கும் இடங்கள் பல. நீங்கள் பார்த்தது சிப்பின் பொது வெப்பம். சிப்பிலேயே மிக அதிகமாகக் கொதிக்கும் புள்ளிக்கு ஹாட்ஸ்பாட் என்று தனி அளவு உண்டு. சிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மெமரி சில்லுகளுக்கு மெமரி ஜங்ஷன் என்று இன்னொன்று. 3080-இல் இருப்பது மைக்ரான் தயாரித்த ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. வேகமானது, அதற்கேற்பக் கொதிப்பது. 110 டிகிரியில் அது மூச்சடைத்து வேகத்தைக் குறைக்கும். சிப் 78-இல் சுகமாக இருக்க, பக்கத்திலேயே மெமரி 108-இல் வெந்துகொண்டிருக்கும் கார்டுகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்களும் உங்களைப் போலவே சிப்பின் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

உங்கள் கார்டு மைனிங்கில் ஓடியது என்பதால் என் சந்தேகம் அந்த மெமரியின் மீது இன்னும் கூடுகிறது. ஈதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில் பாடுபடுவது பெரும்பாலும் மெமரிதான். இரவு பகலாக, மாதக்கணக்கில். 2022 செப்டம்பர் 15-இல் ஈதீரியம் மைனிங் இல்லாத முறைக்கு மாறியதும் அந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. நீங்கள் வாங்கியது அந்த அலை ஓயாத நேரத்தில். அப்படி உழைத்த கார்டுகளில் சிப் நன்றாகவே இருக்கும். மெமரிக்கும், சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்குக்கும் நடுவே வைக்கும் மெத்தை போன்ற தெர்மல் பேட்தான் எண்ணெய் கக்கிக் காய்ந்து, பழைய அழிரப்பர் போல உதிரும். விசிறியின் பேரிங்கும் தேய்ந்திருக்கும்.

முதல் வேலை, ஆதாரம் சேர்ப்பது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, அளவுகளை ஒரு கோப்பில் தொடர்ந்து பதியும் வசதியை இயக்கிவிட்டு விளையாடுங்கள். கணினி நின்ற பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். அவை உங்கள் கார்டின் மரண வாக்குமூலம். ஹாட்ஸ்பாட் எவ்வளவு, மெமரி எவ்வளவு, விசிறி எத்தனை சுற்று, எத்தனை வாட் என்று எல்லாம் அதில் இருக்கும். பொது வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி இருந்தால் இயல்பு. 25, 30 என்று விரிந்தால் சிப்பின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நடுவிலிருந்து விலகி ஓரத்துக்குப் போய்விட்டது என்று பொருள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்பும் தகடும் விரிந்து சுருங்கும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறும்.

கணினியில் நடந்த கோளாறுகளைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 4101 என்ற எண் இருந்தால், கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பியது என்று அர்த்தம். கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் இருந்தால் பலர் நடுங்கிவிடுகிறார்கள். அது, 'சென்ற முறை முறைப்படி அணைக்கப்படவில்லை' என்ற தகவல் மட்டுமே. பட்டனை அழுத்திப் பிடித்து நீங்கள் அணைத்தாலும் அதே 41 வரும். அதை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவரிடம் கேள்வி கேளுங்கள்.

அடுத்து, ஒரு பைசா செலவில்லாத சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட் என்ற பட்டையை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். 320 வாட் தின்னும் கார்டு 224 வாட்டில் நிற்கும். அப்படியே இரண்டு மணி நேரம் விளையாடுங்கள். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினால் சிப் போய்விட்டது என்ற பேச்சை அன்றே விட்டுவிடலாம். மீதி இருப்பது இரண்டு சந்தேகங்கள்: சூடு, அல்லது கரண்ட். அதைப் பிரிக்க, மறுநாள் பவர் லிமிட்டைப் பழையபடி 100-இல் வைத்து, கார்டின் விசிறிகளை முழு வேகத்தில் பூட்டி, பக்கக் கதவைத் திறந்து, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்த டேபிள் ஃபேனையும் வைத்து ஓட்டுங்கள். மெமரி 95-க்குக் கீழேயே இருந்து கார்டு தாக்குப்பிடித்தால் குற்றவாளி சூடு. அத்தனை குளிர்ச்சியிலும் திரை கறுத்தால் கரண்ட் பக்கம் பாருங்கள்.

இப்போது அந்த மாலை வேளைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, யுபிஎஸ் கத்தியது என்று போகிற போக்கில் எழுதியதுதான். கடையில் விற்கும் 600 விஏ யுபிஎஸ்களில் பெரும்பாலானவை தாங்குவது 360 வாட். உங்கள் கார்டு மட்டுமே 320. பிராசசர் 76 வரை போகும். மதர்போர்டு, விசிறிகள், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 500 வாட்டைத் தொட்டுவிடும். வோல்டேஜ் நன்றாக இருக்கும்வரை யுபிஎஸ் கரண்டைத் தன் வழியாகக் கடத்திவிட்டு சமாளிக்கிறது. மாலையில் வோல்டேஜ் இறங்குகிறது, அது பேட்டரிக்கு மாறுகிறது, மாறிய கணத்தில் பாரம் தாங்காமல் படுத்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் அப்பாவின் எந்திரங்கள் எல்லாம் ஓடும் நேரமும் இதுவும் ஒன்றா என்று கவனியுங்கள்.

இந்தச் சாவிலும் வகை உண்டு. கணினி அணைந்தபோது யுபிஎஸ்ஸின் விளக்கும் அணைந்திருந்தால் யுபிஎஸ்தான் கைவிட்டது. யுபிஎஸ் விளக்கு எரிகிறது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் கணினி எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொண்டது. இந்த வரிசை கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தங்கள் அளவை மீறி ஒரு இழுப்பு இழுக்கும். வயதான 650 வாட் எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துக்கொள்ளும். 3080-க்கு என்விடியா பரிந்துரைத்ததே 750 வாட்.

கேபிளையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே கேபிள் கிளம்பி, நுனியில் இரண்டு தலைகளாகப் பிரிந்து கார்டில் செருகியிருக்கிறதா? பலர் அப்படித்தான் செருகுகிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். எட்டு முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். மீதி முழுவதையும் ஒரே கேபிளின் கம்பிகள் சுமக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்களை இழுத்து ஒவ்வொன்றையும் ஒரு துளையில் செருகுங்கள். அதே பிராண்டுதானே என்று வேறு மாடல் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை மட்டும் வாங்கிச் செருகிவிடாதீர்கள். முனைகளின் வரிசை மாறியிருந்தால் கார்டு புகைந்துவிடும்.

ஓர் இரவு மட்டும் யுபிஎஸ்ஸைத் தவிர்த்து, நல்ல எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகி விளையாடிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பலகையும் வேண்டாம். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கார்டைத் திறந்து மூன்று முறை பேஸ்ட் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் என் கடையில் ஓடும், வாடிக்கையாளர் வீட்டில் நிற்கும். கடைசியில் நேரில் போய்ப் பார்த்தால், எக்ஸ்டென்ஷன் பலகையின் ஒரு துளை உள்ளே கருகிப்போய் பிளக் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கூலி கொடுக்க வந்தபோது வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதிலிருந்து நான் கார்டைத் தொடுவதற்கு முன் சாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கரண்ட் பக்கம் இவ்வளவுதான். இனி சூடு. உங்கள் ஊருக்கும் வீட்டுக்கும் என்று ஒரு சிறப்பு உண்டு: பஞ்சு. சாதாரணத் தூசி தகடுகளின் மேல் படியும், ஊதினால் போய்விடும். பனியன் துணியிலிருந்து பறக்கும் நுண்ணிய பஞ்சு அப்படியில்லை. ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுழைந்து, ஒன்றோடொன்று பின்னி, கம்பளி போல ஒரு படலம் ஆகிவிடும். விசிறிகள் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. திருப்பூரிலிருந்து வந்த கார்டு ஒன்றில் விசிறிகளைக் கழற்றிவிட்டு அந்தப் படலத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கைக்குட்டை போல ஒரே துண்டாக வந்தது. வீட்டில் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் தினமும் புகைந்தால் அதன் பிசுபிசுப்பு இந்தப் பஞ்சை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

ப்ளோயரால் ஊதும்போது கார்டின் விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும். வேக்வம் கிளீனரின் மூக்கைக் கார்டில் வைக்காதீர்கள், நிலைமின்சாரம் ஆபத்து. கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா, சல்லடையா என்று நீங்கள் எழுதவில்லை. கதவைத் திறந்ததும் வெப்பம் 7, 8 டிகிரி இறங்குகிறது என்றால் கேபினட்டுக்குள் காற்று போக வழியில்லை. முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இவ்வளவு போதும். கலர் விளக்கு எரியும் ஆறு விசிறிகள் தேவையில்லை. கதவை நிரந்தரமாகத் திறந்துபோடுவது உங்கள் வீட்டில் பஞ்சுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல ஆகிவிடும். சோதனைக்கு மட்டும் திறங்கள்.

இணையத்தில் பார்க்கும் வெப்ப அளவுகளோடு உங்களுடையதை ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ளாதீர்கள். அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி குளிரூட்டிய அறையில் நடப்பவை. அறையின் வெப்பம் ஏறும் அளவுக்கு ஏறக்குறைய கார்டின் வெப்பமும் ஏறும். சித்திரை மாதத்தில் உங்கள் மாடி அறை 36 டிகிரி என்றால், அங்கே 70 காட்டும் கார்டு இங்கே 84 காட்டும். அதில் கோளாறு எதுவும் இல்லை.

முகப்புத் திரையில் ஏன் சூடாகிறது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. முகப்பில் வரைய வேண்டிய காட்சி குறைவு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் கார்டு அதையே நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில கேம்களில் ஆயிரத்துக்கும் மேல், வரைந்து தள்ளும். உங்கள் மானிட்டரோ நொடிக்கு 60 அல்லது 144 படங்களைத்தான் காட்டும். மீதியெல்லாம் வெப்பமாக மாறும் வெட்டி உழைப்பு. இது புதிய விஷயம் இல்லை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கேம் வெளியானபோது முகப்புத் திரைகளில் கார்டுகள் கொதித்து, அதைத் தயாரித்த நிறுவனமே படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் வழியை வெளியிட்டது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற இடத்தில் உங்கள் மானிட்டருக்கு ஏற்ற எண்ணைப் போட்டுவிடுங்கள். கேமுக்குள் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. இதைச் சொன்னால் பலர் கார்டின் ஆயுள் குறையுமோ என்று கேட்கிறார்கள். கூடத்தான் செய்யும். சிப் தின்னும் மின்சக்தி, வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. 1.05 வோல்ட்டில் செய்யும் அதே வேகத்தை 0.9 வோல்ட்டில் செய்ய முடிந்தால், கணக்குப்படி சிப்பின் செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். தொழிற்சாலை எல்லா சிப்புகளுக்கும் பொதுவாகத் தாராளமாக வோல்டேஜ் வைக்கிறது. சுமாரான சிப்பும் ஓட வேண்டும் என்பதற்காக. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். அதில் 0.9 வோல்ட் இருக்கும் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே உயரத்துக்குத் தட்டையாக்குங்கள். கேம் நின்றால் வோல்டேஜை ஒரு படி கூட்டுங்கள், ஓடினால் ஒரு வாரம் கழித்து ஒரு படி குறைத்துப் பாருங்கள். பயமாக இருந்தால் பவர் லிமிட்டை 80-இல் விட்டுவிடுங்கள். இழப்பது நொடிக்குச் சில படங்கள்தான்.

இத்தனைக்குப் பிறகும் மெமரி 104, 106 என்று நின்றால் கார்டைத் திறக்க வேண்டியதுதான். சிப்பின் பேஸ்ட்டை மாற்றுவது பெரிய வித்தையில்லை. பேட்தான் வில்லங்கம். ஒவ்வொரு தயாரிப்பாளரும், ஒவ்வொரு மாடலும், ஒரே கார்டின் வெவ்வேறு இடங்களும் வெவ்வேறு தடிமன் கேட்கும்: 1 மில்லிமீட்டர், 1.5, 2 என்று. தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் மேலே தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும். ஓட்டிய மறு நிமிடமே ஹாட்ஸ்பாட் 100-ஐத் தாண்டும். குறைந்தால் மெமரிக்குத் தொடுகையே இருக்காது. உங்கள் மாடலின் சரியான தடிமனை உறுதிசெய்யாமல் பேட் வாங்காதீர்கள். பேடுக்குப் பதிலாகப் பிசைந்த மாவு போன்ற தெர்மல் புட்டி கிடைத்தால் நல்லது, அது இடத்துக்கேற்ப அமுங்கிக்கொள்ளும். சிப்புக்கு, பிசின் போல இறுகிய பேஸ்ட் போடுங்கள், நீர்த்தது மறுபடியும் பிதுங்கிவிடும். ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற மெல்லிய தாள் கிடைத்தால் பேஸ்ட்டே வேண்டாம். சூட்டில் இளகிப் பரவி நிலைத்துவிடும். சந்தையில் அதற்குப் போலி அதிகம், பார்த்து வாங்குங்கள்.

திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கார்டை ஓட்டிச் சூடாக்குங்கள், காய்ந்த பேஸ்ட் இளகும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்; பூட்டும்போதும் அப்படியே. ஹீட் சிங்க்கைத் தூக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் விசிறியின் வயர் அறுந்துபோகும். இதெல்லாம் உங்கள் கைக்குப் புதிது என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். கூட நிற்கக்கூடாது என்பவர் கடையில் கொடுக்காதீர்கள்.

அந்த ரீபாலிங் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் என்விடியாவின் சில லேப்டாப் சிப்புகளில், சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகள் விரிசல் விட்டன. அந்தக் கோளாறைச் சரிசெய்ய 150 முதல் 200 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. சிப்பைச் சூடேற்றினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரம் ஓடும், மறுபடி நிற்கும். ஓவனில் வைத்துச் சுட்டவர்கள்கூட உண்டு. அன்று பிடித்த பழக்கத்தை இன்றும் எல்லா கார்டுக்கும் பரிகாரமாகச் சொல்கிறார்கள். ரீபாலிங் என்பது சிப்பைக் கழற்றி அடியிலுள்ள ஈயக் குண்டுகளை மாற்றுவது. பேட் காய்ந்துபோன கார்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நல்ல சிப்பைக் கெடுக்கும் வாய்ப்புதான் உண்டு.

அதுபோன்ற பெரிய வேலை எப்போது தேவைப்படும் என்றால், கணினியைப் போட்டவுடனேயே, கேம் எதுவும் திறக்காமல், கார்டு குளிர்ந்திருக்கும்போதே திரையில் கலர் கட்டங்களும் கோடுகளும் வந்தால். அது மெமரி சில்லு ஒன்று போனதன் அடையாளம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

ஆறாயிரத்தை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ். உங்கள் பழையது அந்த கார்டுக்கு என்றுமே போதுமானதாக இருந்ததில்லை. மிச்சத்தில் பேட்டும் பேஸ்ட்டும். யுபிஎஸ்ஸை மானிட்டருக்கும் வீட்டு இணைய மோடத்துக்கும் விட்டுவிடுங்கள். கணினிக்கு என்று பெரியது வாங்கும்வரை அது அங்கே உபயோகப்படும். கீழே தையல் எந்திரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் கட்டாயம். பதிவுக் கோப்பின் கடைசி இருபது வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், மெமரியின் எண்ணைப் பார்த்துவிட்டு கார்டைத் திறக்கலாமா வேண்டாமா என்று எழுதுகிறேன். அதுவரை பவர் லிமிட் 70-இலேயே இருக்கட்டும். டேபிள் ஃபேனை இன்றே அம்மாவிடம் கொடுத்துவிடலாம், 100 சதவீதச் சோதனை நடக்கும் அந்த ஒரு நாள் மட்டும் கடன் கேளுங்கள்.